வந்து வந்து போகும் பழுது

மின்னியல் படித்த நண்பர்களுக்கு லேபில் உறுமிய வார்ட்-லியோனார்டு செட் மறந்திருக்காது. "இதையெல்லாம் இப்போ எதுக்கு சார் படிக்கணும்?" என்று இன்றைய தம்பி தங்கைகளும் கேட்கக்கூடும். பத்து வருடத்துக்கு மேலாக சி.என்.சி. இயந்திரங்களின் ஸ்பிண்டில் டிரைவைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: டிரைவின் சரித்திரம் தெரிந்தால், பழுது எங்கே ஒளிந்திருக்கும் என்பது பாதி தெரிந்த மாதிரி.

அடியோடு நின்றுபோன இயந்திரம் எங்களைப் பயமுறுத்துவதில்லை. மீட்டரை வைத்துத் தேடினால் அகப்பட்டுவிடும். காலையில் நன்றாக ஓடி, மதியம் ட்ரிப் ஆகி, நாம் போய்ப் பெட்டியைத் திறந்ததும் சமர்த்தாக ஓடுகிறதே, அதுதான் தலைவலி.

1891-இல் அமெரிக்கரான ஹாரி வார்ட் லியோனார்டு தந்த முறை எளிமையானது. ஒரு மோட்டார், டி.சி. ஜெனரேட்டரைச் சுற்றும். அந்த ஜெனரேட்டரின் ஃபீல்டைக் கூட்டிக் குறைத்தால், இன்னொரு டி.சி. மோட்டாரின் வேகம் கூடும், குறையும். 1957-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி தைரிஸ்டரைக் கொண்டுவந்தது. படிப்படியாக ஜெனரேட்டரின் இடத்தைத் தைரிஸ்டர் பிடித்தது. ஆனால் மோட்டார் டி.சி.யாகவே நீடித்தது. கார்பன் பிரஷும் கம்யூட்டேட்டரும் போகவில்லை; வந்து போகும் பழுதுக்கு அவைதான் புகலிடம். பிரஷ் தேய்ந்து ஸ்பிரிங் அழுத்தம் குறைந்தால் தொடர்பு விட்டு விட்டு வரும். படிந்த கார்பன் தூளோடு மழைக்கால ஈரமும் சேர்ந்தால் இன்சுலேஷன் இறங்கும். மோட்டார் சூடேறி ஈரம் காய்ந்ததும் ஒன்றும் நடக்காதது போல ஓடும். ஒரு சௌகரியம், தீப்பொறி கண்ணுக்குத் தெரியும். கருகல் வாசனை மூக்குக்குத் தெரியும்.

1970களின் தொடக்கத்தில் சீமென்ஸைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் பிளாஷ்கே, பிரஷ் இல்லாத ஏ.சி. மோட்டாரிலும் ஃபீல்டுக்கு ஒரு பங்கு, முறுக்கு விசைக்கு ஒரு பங்கு என்று மின்னோட்டத்தைப் பிரித்து ஆளும் வழியை வகுத்தார். பழைய டி.சி. மோட்டாரின் தத்துவமேதான்! மைக்ரோபிராசசர் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1980களின் ஆரம்பத்தில் ஐ.ஜி.பி.டி. என்ற அதிவேக சுவிட்சை ஜெனரல் எலெக்ட்ரிக்கில் உருவாக்கியவர் ஜெயந்த் பாலிகா. சென்னையில் பிறந்து, 1969-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்ற அவருக்கு 2024-இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது.

பிரஷ் போயிற்று, பழுது போகவில்லை, குடி மாறியது. 415 வோல்ட் மூன்று ஃபேஸை டி.சி.யாக்கினால் சுமார் 580 வோல்ட். அதை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டும்போது எழும் மின் இரைச்சல், எர்த் தளர்ந்த என்கோடர் கேபிளில் புகுந்துவிடும். தளர்ந்த டெர்மினல், சூட்டில் விடும் சால்டர், வயதான கெப்பாசிட்டர், எண்ணெய்ப் படலம் பிடித்த ஃபேன் என்று மற்ற இருப்பிடங்களும் உண்டு. இவை எதிலும் பொறியும் இல்லை, வாசனையும் இல்லை. "எப்போது வருகிறது?" என்ற கேள்விதான் மிச்சம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில், வெர்டிகல் மெஷினிங் சென்டர் ஒன்று தினமும் இரண்டு மூன்று தடவை ஸ்பிண்டில் அலாரம் கொடுத்து நின்றது. இரண்டு போர்டு மாற்றியாகிவிட்டது. முதலாளி புது டிரைவுக்கே பணம் கட்டத் தயார். ஆபரேட்டர் அண்ணனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, அலாரம் வரும்போதெல்லாம் நேரம், வேகம், ஹெட்டின் உயரம் மூன்றையும் எழுதச் சொன்னேன். நான்கு நாளில் அவரே சொல்லிவிட்டார்: "ஹெட் மேலே ஏறும்போதுதான் சார் வருது." கேபிள் செயினில் மடிந்து நிமிர்ந்த என்கோடர் கேபிளுக்குள் ஒரு இழை அறுந்திருந்தது. ஹெட் கீழே இருக்கையில் மீட்டரில் எல்லாம் சரி. மேலே போனால் தொடர்பு விடும். ஒரு கேபிளோடு வேலை முடிந்தது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பவரை அணைத்தாலும் கெப்பாசிட்டரில் உயிரைக் குடிக்கும் அளவு மின்சாரம் நிற்கும். கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். போர்டை மாற்றும்போது கனெக்டரையும் கழற்றி மாட்டுகிறோம். அதிலேயே பழுது சில நாள் மறையும், பெயர் போர்டுக்குப் போய்விடும். குப்பைக்குப் போகிற போர்டுகளில் எத்தனையோ குற்றமற்றவை.