இருபத்தொரு புள்ளிகள்

உயர்தரப் பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் எமது கல்முனைப் பகுதியில் எந்தப் படலையைத் தாண்டினாலும் ஒரே கேள்விதான்: "தம்பிக்கு மெடிசின் கிடைக்குமா?" கோவில் வீதியாயினும் பள்ளிவாசல் வீதியாயினும் கேள்வி மாறுவதில்லை. கிடைத்தவன் மேதை, மயிரிழையில் தவறியவன் மக்கு. இத்தீர்ப்பு எவ்வளவு காலம் செல்லுபடியாகும் என்பதைச் சரித்திரத்தை வைத்துச் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

1971ஆம் ஆண்டு அனுமதியின்போது, வைத்தியபீடத்திற் சேர 400 புள்ளிகளில் தமிழ்மொழி மாணவருக்கு 250 வேண்டியிருந்தது. சிங்களமொழி மாணவருக்கு 229 போதுமாயிற்று. தமிழிற் படித்த முஸ்லிம் பிள்ளைகளுக்கும் அந்த 250தான். அந்த இருபத்தொரு புள்ளிகளை எமது மூத்தோர் பலர் இன்றும் மறந்தாரில்லை.

1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. யாழ்ப்பாணத்து மாணவருக்குப் பேரிழப்பைத் தந்த அதே ஏற்பாடு, 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்த எமது அம்பாறை மாவட்டத்துக்கு ஒரு வாசலைத் திறந்தது. இதனை மறைத்துப் பேசுவது அழகன்று. பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் அம்பாறையும் உண்டு. ஆகவேதான் "கோட்டாவில் வந்த டாக்டர்" என்ற ஏளனம் எம்மவர் காதில் அடிக்கடி விழுகின்றது.

அந்த ஏளனத்தில் உண்மை எவ்வளவு? இங்கிலாந்திலே வெஸ்ட்மின்ஸ்டர் வைத்தியக் கலாசாலையில் 1975 முதல் 1982 வரை சேர்ந்த 511 பேரைச் சுமார் இருபது ஆண்டுகளின் பின் ஆராய்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். உயர்தரப் பெறுபேறு வீண்போகவில்லை. அதில் உயர்ந்து நின்றவர்கள் மேற்படிப்புப் பரீட்சைகளை விரைவிற் கடந்தார்கள். வைத்தியப் பதிவேட்டில் இல்லாமற்போன 47 பேரின் பெறுபேறு தாழ்ந்தே இருந்தது. ஆயின் யார் ஆராய்ச்சி செய்வார், யார் வேலைப் பளுவால் மனஞ்சோர்வார் என்பவற்றை அப்பெறுபேறு முன்கூட்டிச் சொல்லவில்லை. பரீட்சை எழுதத் தெரிந்தவர் மேலும் பரீட்சை எழுதுவார் என்பதில் வியப்பென்ன? படிப்பைக் கைவிடாத விடாமுயற்சியையும் அது ஓரளவு காட்டுகிறது என்றே நாம் கருதுகின்றோம்.

எமது நாட்டிலோ பல்கலைக்கழக வாசலைக் கடந்தபின் உயர்தரப் புள்ளியைக் கேட்பாரில்லை. உள்ளகப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி கிடைப்பது வைத்தியபீட இறுதிப் பரீட்சையின் தரவரிசைப்படியே. கொழும்பிற் பிறந்தவரும் பாண்டிருப்பிற் பிறந்தவரும் அங்கே ஒரே பட்டியலில் நிற்கின்றனர். கோட்டாவில் நுழைந்தாலும் இறுதிப் பரீட்சையைக் கோட்டாவிற் கடக்க முடியாது. இதை ஏளனம் செய்வோர் மறந்துவிடுகின்றனர்.

அப்படியானால் 1971இன் கணக்கும் நியாயமா என்று இளைஞர் ஒருவர் எம்மைக் கேட்டார். இல்லை. மாவட்டப் பங்கீட்டுக்கு, ஆய்வுகூடமற்ற பாடசாலை என்ற காரணமாவது இருந்தது. 249 பெற்று வெளியே நின்ற தமிழ்மொழி மாணவன் 229 பெற்றவனிலும் வைத்தியத்துக்குக் குறைந்தவன் என்று காட்ட ஒரு சான்றும் இருக்கவில்லை. அவன் விடை எழுதிய மொழி ஒன்றே அவனை வெளியே நிறுத்தியது.