யோக்கோகாமா பன்னாட்டு விளையாட்டரங்கம்

யோக்கோகாமா பன்னாட்டு விளையாட்டரங்கம் என்பது ஜப்பானின் யோக்கோகாமா நகரில் அமைந்துள்ள விளையாட்டரங்கம் ஆகும். 72,000 பேருக்கு மேல் அமரக்கூடிய இவ்வரங்கம் 1998 ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்டது. 2005 இல் பெயரிடும் உரிமையை நிசான் நிறுவனம் பெற்றதால் நிசான் ஸ்டேடியம் எனவும் அறியப்படுகிறது. யோக்கோகாமா எஃப். மரினோஸ் கால்பந்துக் கழகம் இதனைத் தன் சொந்த அரங்கமாகக் கொண்டுள்ளது.

அமைப்பு

இவ்வரங்கம் சுருமி ஆற்றின் வெள்ளநீர்த் தேக்கப் பகுதிக்குள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்களின் மீது கட்டப்பட்டுள்ளது. ஆறு பெருகும்போது, உயரம் குறைவாக அமைக்கப்பட்ட கரையின் வழியே வெள்ளம் தேக்கப் பகுதிக்குள் புகுந்து அரங்கின் அடியிலும் தேங்கும். ஆற்றின் நீர்மட்டம் தணிந்தபின் அந்நீர் மீண்டும் ஆற்றில் விடப்படும். இதனால் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள குடியிருப்புகள் காக்கப்படுகின்றன.

முக்கிய போட்டிகள்

2002 உலகக்கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம் இங்கு நடைபெற்றது. ரொனால்டோவின் இரு கோல்களால் பிரேசில் ஜெர்மனியை 2–0 என வென்றது.

2019 ரக்பி உலகக்கோப்பையின்போது, அக்டோபர் 12 அன்று இங்கு நடைபெறவிருந்த இங்கிலாந்து – பிரான்ஸ் ஆட்டம் ஹகிபிஸ் சூறாவளியால் கைவிடப்பட்டது. அன்று தேக்கப் பகுதியில் வெள்ளம் புகுந்தபோதும், உயரத்தில் இருந்த ஆடுகளம் மூழ்கவில்லை. மறுநாளே இங்கு ஜப்பான் ஸ்காட்லாந்தை 28–21 என வென்று, முதன்முறையாகக் காலிறுதிக்கு முன்னேறியது. அத்தொடரின் இறுதியாட்டமும் இவ்வரங்கிலேயே நடைபெற்றது.