தொட்டால்தான் புள்ளி

ஏரல் கடைத்தெருவைத் தாண்டினால் வயலும் வாழையும்தான். தாமிரபரணிப் பாசனத்தின் கடைசிப் பகுதி இது. நிலம் யாருடையது, அதில் இறங்கி நாற்று நட்டது யார் என்பது நமக்குத் தெரியும். அறுப்பு முடிந்து தாள் காய்ந்த பிறகு கொஞ்ச நாளைக்கு அந்த வயல் நம் பிள்ளைகளின் ஆடுகளம். மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், செருப்புகூட வேண்டாம். கோடு கிழிக்க ஒரு குச்சி, அடக்கிப் பிடிக்க மூச்சு. கபடி நம்மிடம் தங்கியதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் ஆட்டத்தின் சட்டத்திலேயே இருக்கிறது. பாடிப் போகிறவன் எதிராளியைத் தொட வேண்டும். தொட்டுவிட்டுத் திரும்பினால் புள்ளி. அவனை மடக்க வேண்டுமென்றால் எதிரணி மேலே விழுந்து கட்டிப் பிடிக்க வேண்டும். தொட்டால் தீட்டு என்ற ஊரில், தொட்டால்தான் புள்ளி என்று ஒரு விளையாட்டு! டீக்கடையில் நமக்குத் தனி கிளாஸ் வைத்தவன், களத்தில் நம்ம பையன் காலைக் கட்டிக்கிட்டு மண்ணில் புரளணும். சாதிக்கு இதைவிடப் பெரிய சங்கடம் உண்டா?

ஏரல் பக்கத்து மணத்தியிலிருந்து வந்தவர் கணேசன். ஒடுக்கப்பட்ட விவசாயக் குடும்பம். மின்வாரிய அணிக்கு ஆடினார். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில்தான் கபடி முதன்முதலாகப் பதக்கப் போட்டியானது. அடுத்து 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் கணேசன் இருந்தார். 1995ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் வந்தது. அதே 1995, ஆகஸ்ட் 31. அதே மாவட்டத்துக் கொடியன்குளத்தில் போலீஸ் படை பட்டப்பகலில் புகுந்து நம் வீடுகளை நொறுக்கியது. அரசுக்கு ஒரு கையில் விருது, மறு கையில் லத்தி. இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் இந்தப் பக்கத்து விளையாட்டு வரலாற்றை எழுத முடியாது.

நகரத்திலும் இதே கதைதான். சென்னைக் குடிசைவாசிகளைப் பிடுங்கி, 2000 முதல் ஊருக்கு வெளியே கண்ணகி நகரில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்தப் பெயரைச் சொன்னாலே சந்தேகமாகப் பார்க்கிற நிலையை உண்டாக்கினார்கள். 2025 அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதன் துணைத் தலைவி கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண். அந்த நகரின் பெயர் அன்றைக்குப் போலீஸ் செய்தியில் வராமல் விளையாட்டுச் செய்தியில் வந்தது.

கணேசனின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ படமும் அதே மாதம் வெளியானது. நல்லது. ஆனால் சினிமா ஒருத்தரைத்தான் காட்டும். இது ஏழு பேர் ஆடுகிற ஆட்டம். மற்ற ஆறு பேர் யார்? டியூப்லைட் கட்டி விடிய விடிய ஆடிய பந்தயங்களை நடத்தியது யார்? பரண்மேல் கறுத்துக் கிடக்கிற ஷீல்டுகள் எந்த ஊரில் ஜெயித்தவை? நம் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். நாம் எழுதாவிட்டால் யார் எழுதப் போகிறார்கள்?