வலிப்பு நோயும் சட்டத்தில் இருந்த ஒரு சொல்லும்

நோய்களுள் சில உடலை மட்டும் வருத்துவன. சில நோயாளியின் குடும்பத்துக்கே பழிச்சொல்லைத் தேடித் தருவன. வலிப்பு நோய் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மருத்துவம் கண்டறிந்த உண்மையைச் சமுதாயம் ஏற்றுக்கொள்ள எத்துணைக் காலம் பிடிக்கிறது என்பதை இதன் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

பண்டைக் கிரேக்கர் இதனைத் தெய்வத்தால் வரும் நோய் என்றனர். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னர், ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூலொன்று அதனை மறுத்தது. ஏனைய நோய்களைப் போன்றே இதற்கும் இயற்கையான காரணம் உண்டு என்றும், அது மூளையில் உள்ளது என்றும் அந்நூல் கூறிற்று. நம் நாட்டுச் சரக சம்ஹிதை இதற்கு அபஸ்மாரம் என்று பெயரிட்டு, நினைவு அகலுதலை இதன் அடையாளமாகக் கொண்டது. தமிழில் முயலகன் என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. ஆடவல்லானின் திருவடியின்கீழ்க் கிடப்பவனுக்கும் அப்பெயரே.

பயனுள்ள மருந்து கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. 1857-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சார்லஸ் லோகாக், பொட்டாசியம் புரோமைடு வலிப்பைத் தணிப்பதை எடுத்துரைத்தார். 1912-இல் பினோபார்பிட்டால் வந்தது. 1929-இல் ஜெர்மானியரான ஹான்ஸ் பெர்கர், மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்த செய்தியை வெளியிட்டார். பேய் பிடித்ததாகக் கருதப்பட்ட நோயின் தடயம், தாளில் வரையப்படும் கோடாகக் காணக் கிடைத்தது. 1938-இல் பெனிட்டாயின் பயனுக்கு வந்தது.

இதன் பின்னரும் நிகழ்ந்தது யாது? பெனிட்டாயின் வந்து 38 ஆண்டுகள் கழிந்து, 1976-இல், இந்து திருமணச் சட்டமும் தனித் திருமணச் சட்டமும் திருத்தப்பட்டன. அடிக்கடி பித்தோ வலிப்போ காண்பவர் மணம் புரியத் தகுதியற்றவர் எனும் விதி அப்போது நுழைந்தது. அதனைக் காட்டி, நடந்த திருமணத்தையும் இரத்துச் செய்யக் கோர இயன்றது. சட்டச் சொற்களை மொழிபெயர்த்துப் பழகிய நாம் அறிவோம்: 'அல்லது' என்னும் சிறு சொல் இரு வேறு நோய்களை ஒரே தட்டில் வைத்துவிட்டது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தம் 'வலிப்பு' என்ற சொல்லை நீக்கிற்று.

சட்டப் புத்தகத்தினின்று நீங்கிய அச்சொல் நம் மனத்தினின்றும் நீங்கிற்றா? முறையாகச் சிகிச்சை பெற்றால், நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆயினும், பெண் பார்க்க வருவோர்க்குத் தெரியலாகாதென்று மாத்திரையை ஒளித்து வைக்கும் இல்லங்கள் இன்றும் உள்ளன. மருத்துவரைக் கேளாது மருந்தை நிறுத்துவதால் வலிப்பு மீண்டும் வருகிறது. உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு.

வலிப்புற்றவர் கையில் இரும்பைத் திணிப்பதாலோ வாயில் எதையேனும் நுழைப்பதாலோ பயனில்லை. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகில் இருத்தலே நாம் செய்யத்தக்கது. ஐந்து நிமிடத்துக்கு மேலும் வலிப்பு நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பின்னர் அவர் கண் விழிக்கும்போது, சுற்றி நிற்போர் முகத்தில் அருவருப்பைக் காணாதிருக்கட்டும்.