அட்சரகணிதம் என்னும் பெயர்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழிற் பயிலும் மாணவர் ஒருங்கமை சமன்பாடுகளை 'அட்சரகணிதம்' என்ற பிரிவிற் கற்கின்றனர். தமிழ்நாட்டில் அத்துறை 'இயற்கணிதம்' எனப்படும். அட்சரம் வடசொல்லாதலின் நாமும் பெயரை மாற்றுதல் வேண்டும் என்பார் உளர். அவர்க்கு விடையாகப் பழைய கணக்கொன்றை இங்கு எடுத்துக்காட்டலாம்.

பாஸ்கரர் 1150 ஆம் ஆண்டளவில் இயற்றிய பீசகணிதத்தில் நால்வரின் செல்வம் பற்றிய கணக்கு ஒன்று உண்டு. முதல்வனிடம் 5 குதிரை, 2 ஒட்டகம், 8 கோவேறு கழுதை, 7 எருது உள. இவை இரண்டாமவனிடம் முறையே 3, 7, 2, 1. மூன்றாமவனிடம் 6, 4, 1, 2. நான்காமவனிடம் 8, 1, 3, 1. நால்வர் செல்வமும் சமமாயின், ஒவ்வொரு விலங்கின் விலை யாது?

தெரியாக் கணியங்கள் நான்கு. கிடைக்கும் சமன்பாடுகளோ மூன்று. பாஸ்கரர் முதற் கணியத்தை 'யாவத்தாவத்' என்பார். 'எவ்வளவோ அவ்வளவு' என்பது பொருள். ஏனையவற்றுக்குக் காலகம், நீலகம், பீதகம் என நிறங்களின் பெயர்களை இடுவார். எழுதுங்கால் யா, கா, நீ, பீ என முதலெழுத்துக்களே நிற்கும். பல கணியங்கள் வரும் இவ்வதிகாரத்துக்கு 'அநேகவர்ணம்' என்று பெயர். வர்ணம் என்ற சொல் நிறத்தையும் குறிக்கும், எழுத்தையும் குறிக்கும்.

செய்கை நம் மாணவர் அறிந்ததே. குதிரையின் விலையை மூவகையாகக் கண்டு, அவற்றைச் சமப்படுத்திக் குதிரையை நீக்குவர். பின்னர் ஒட்டகத்தை நீக்குவர். எஞ்சுவது, 4 கோவேறு கழுதைகளின் விலை 31 எருதுகளின் விலைக்குச் சமம் என்பது. எனவே எருது 4, கோவேறு கழுதை 31, ஒட்டகம் 76, குதிரை 85. ஒவ்வொருவர் செல்வமும் 853. இவ்விலைகள் யாவற்றையும் ஒரே எண்ணாற் பெருக்கினும் விடையாகும்.

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னரே சீனர் இத்தகைய கணக்குகளை எண்ணுகோல்களைப் பலகையிற் பரப்பித் தீர்த்தனர். அங்கே கணியத்துக்கு எழுத்தில்லை. எண் நின்ற இடமே அதனை உணர்த்திற்று. நாம் இன்று 'தாயம்' எனக் கற்பதற்கு அது மிக அணியது. எழுத்தாற் குறிக்கும் மரபோ நம் அயலிற் செழித்தது.

வட்டுக்கோட்டைச் செமினறியிற் கற்றவரும், 1857 இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவருமான கறல் விசுவநாதபிள்ளை, 1855 இல் வெளியிட்ட தமிழ் நூலுக்கு 'வீசகணிதம்' என்றே பெயரிட்டார். பாஸ்கரரின் நூற்பெயரே அங்கு தமிழ் உருப் பெற்றது. பிற்காலத்தில் இலங்கையில் வழங்கலான 'அட்சரகணிதம்' அப்பெயரைக் கைவிட்டதாயினும், யா, கா, நீ, பீ என்று எழுதிய செய்கையைச் சுட்டுகின்றது. 'இயற்கணிதம்' அதனைச் சுட்டவில்லை. ஆதலின் இச்சொல்லை விடுதற்கு யான் உடன்படேன். 'துணிகோவை' பற்றிய வழக்கு வேறு.