திங்களின் அகம் அறிந்த வரலாறு

பிறையாய்த் தோன்றி முழுமதியாய் வளரும் திங்களின் முகத்தை நாம் தொன்றுதொட்டுக் கண்டு வருகிறோம். அதன் அகத்தை அறிந்ததோ அண்மையில்தான். அவ்வரலாற்றில், கருவியைக் கொண்டுசென்றோர்க்கு உள்ள அதே பெருமை, பதிவுகளைக் காத்தோர்க்கும் உண்டு.

கருவிகள் செல்லுமுன்பே ஒரு குறிப்புக் கிட்டியிருந்தது. புவிப்பொருள் ஒரு கன சென்டிமீட்டரின் சராசரி எடை 5.5 கிராம், திங்களுக்கோ 3.34 கிராம்தான். ஆகவே புவிக்குள்ளது போன்ற பெரிய இரும்புக் கரு திங்களுக்கு இல்லை என்பது விளங்கிற்று. சிறியதொரு கருவேனும் உண்டா என்பதே எஞ்சிய வினா.

1969 நவம்பரில் அப்போலோ 12 வீரர்கள் திங்களில் அதிர்வுமானி ஒன்றை நிறுவினர். தாய்க்கலத்தை அடைந்தபின், தங்களை ஏற்றி வந்த சிறுகலத்தைத் திங்களின்மீதே மோதவிட்டனர். எழுந்த அதிர்வு ஏறத்தாழ ஒரு மணி நேரம் அடங்கவில்லை! நீரின்றி வறண்டு, விண்கற்களால் நொறுங்கிய மேற்பரப்பில் அலைகள் சிதறித் திரிந்தமையே அதற்குக் காரணம்.

பின்னர் அப்போலோ 14, 15, 16 பயணங்களிலும் அதிர்வுமானிகள் நிறுவப்பட்டன. நான்கு நிலையங்களும் 12,000க்கு மேற்பட்ட அதிர்வுகளைப் பதிந்தன. 700 கிலோமீட்டருக்கும் கீழே நடுக்கங்கள் நிகழ்வது தெரியவந்தது. ஆயினும் செலவைச் சுருக்க வேண்டி, 1977 செப்டம்பர் 30 அன்று அக்கருவிகள் நிறுத்தப்பட்டன. கருவைப் பற்றிய வினா விடையின்றி நின்றது.

எஞ்சியவை காந்த நாடாக்களே. திங்களின் உள்வெப்பத்தைப் பதிந்த நாடாக்களுள் பல காணாமற்போயின. அதிர்வுப் பதிவுகளையோ டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் யோஷியோ நகமுராவும் அவர்தம் துணைவர்களும் பேணி, வகைப்படுத்தி வைத்தனர்.

2011இல் ரெனே வெபர் அம்மையாரின் குழுவினர் அப்பழைய பதிவுகளைப் புதிய கணிப்பு முறையால் ஆராய்ந்தனர். ஆழத்தில் எதிரொலித்து மீண்ட மெல்லலைகள் அவற்றுள் புலப்பட்டன. நடுவே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் ஆரமுள்ள திண்கரு. அதைச் சூழ்ந்து 330 கிலோமீட்டர் வரை உருகிய நிலையிலுள்ள கரு. அதற்கப்பால் 480 கிலோமீட்டர் வரை பாதி உருகிய பாறை என அவர்கள் கண்டனர். 2023இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், விண்கலங்களும் லேசர்க் கதிர்களும் தந்த அளவைகளைக் கொண்டு தனியே கணித்தனர். திண்கருவின் ஆரம் ஏறத்தாழ 258 கிலோமீட்டர் என்பது அவர்கள் முடிவு. இருவேறு வழிகள் ஏறக்குறைய ஓரிடத்தில் வந்து சேர்ந்தன.

கருவிகள் ஓய்ந்து 34 ஆண்டுகள் கழித்து விடை வந்தது. பதிந்தவர்கள் காணாததை, அவர்களின் பதிவு காட்டிற்று. அந்நாடாக்களும் குப்பைக்குப் போயிருப்பின், 2011இல் கேட்பதற்கு அவ்வெதிரொலி ஏது? இன்று பொருள் விளங்காத பதிவையும் நாளை வருவோர்க்கென நாம் காத்து வைப்பது கடன்.