முற்றத்தை நோக்கிய கதவு



ஸ்பானிய மொழியிலே 'பாத்தியோ' என்று ஒரு சொல் உண்டு. வீட்டின் நடுவே வானம் தெரியத் திறந்து கிடக்கும் இடத்தை அஃது உணர்த்தும். நாம் அதனை முற்றம் என்கிறோம். ஆங்கிலத்திற் புகுந்தபின் அச்சொல் சற்றே இடம்பெயர்ந்து, வீட்டை அடுத்துக் கல் பாவிய வெளியைக் குறிக்கலாயிற்று. அவ்வெளிக்கும் உள்ளறைக்கும் இடையே நிற்கும் பெரிய கண்ணாடிக் கதவுக்குப் பாத்தியோக் கதவு என்று பெயர் வந்தது. இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் புதுவீடு கட்டுவோர் பலர் இக்கதவையே நாடுகின்றனர். பக்கவாட்டில் நகர்வதை வாங்குவதா, மடிப்பதை வாங்குவதா, பிணைச்சலில் நின்று திறப்பதை வாங்குவதா என்பது அவர்களுடைய கேள்வி. அக்கதவு எந்த நாட்டிலே, எந்தக் குறையை நீக்குவதற்காகப் பிறந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள் என்பது என்னுடைய விடை. வரலாறு கற்பிப்பவன் வேறென்ன சொல்வான் என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. ஆயினும் பெருந்தொகைப் பணத்தைக் கொடுத்து வாங்கும் பொருளின் பூர்வீகத்தைக் கேட்டறிவதிலே தவறில்லை.

முற்றத்தை நோக்கிய கதவு மிகப் பழையது. கி.பி. 79ஆம் ஆண்டிலே வெசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலிலே புதைந்துபோன எர்க்குலேனியம் என்னும் உரோமானிய நகரிலே, ஒரு வீட்டின் மரக்கதவுகள் கரியாகியும் உருக்கெடாது இன்றும் நிற்கின்றன. அவ்வீட்டையே 'மரத்தடுப்பு வீடு' என்று ஆய்வாளர் அழைக்கின்றனர். வானம் தெரியும் நடுக்கூடத்திற்கும் வீட்டுத்தலைவனுடைய அறைக்கும் இடையே அக்கதவுகள் மடித்துத் திறக்குமாறு அமைந்திருந்தன. அவற்றிலே விளக்கு மாட்டுவதற்கு வெண்கலக் கொக்கிகளும் உள்ளன. கண்ணாடி இல்லை. உரோமர் கண்ணாடி அறியாதவர் அல்லர். சாளரத்திற்கும் அதனைப் பயன்படுத்தினர். ஆயினும் இத்தாலிய வெயிலிலே முற்றத்துக் கதவுக்கு அது வேண்டியதாயில்லை. திறந்தால் காற்றும் வெளிச்சமும் வரும். மூடினால் இரண்டும் நிற்கும். அவ்வளவே தேவை.

ஸ்பெயின் தேசத்துக் கோர்தோவா நகரின் முற்றங்கள் பூந்தொட்டிகளாற் புகழ்பெற்றவை. அங்கு நடைபெறும் முற்றத் திருவிழாவை 2012இல் யுனெஸ்கோ நிறுவனம் மானிடப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. அந்நாட்டுத் தென்பகுதி வீடுகளில் தெருவாசலுக்கும் முற்றத்திற்கும் இடையே இரும்புக் கம்பிகளால் வேய்ந்த கதவொன்று நிற்கும். தெருவிலே போவோர் முற்றத்து மலர்களைக் காணலாம். காற்று தடையின்றிப் போய்வரும். கள்வன் மாத்திரம் நுழைய முடியாது. பாத்தியோ என்னும் பெயருக்கு உரிமையுடைய நாட்டிலும் கதவின் வேலை காற்றை விடுவதே என்பதை இங்கே கவனித்தல் வேண்டும்.

கண்ணாடி கதவுக்கு வந்தது வடக்கிலே. பிரான்சிலும் இங்கிலாந்திலும் குளிர்காலத்துப் பகல் மிகக் குறுகியது. சூரியன் தொடுவானத்தை ஒட்டியே ஊர்ந்து மறைவான். மரக்கதவை மூடினால் அறை இருண்டுபோகும். திறந்தால் குளிர் உள்ளே புகும். இவ்விரண்டு துன்பத்திற்கும் ஒரே மருந்து கண்ணாடி. பதினான்காம் லூயி மன்னன் காலத்திலே, 1665இல், அரச ஆதரவோடு தொடங்கிய கண்ணாடித் தொழிலகமே பின்னாளிற் சென் கோபேன் என உலகறிந்த நிறுவனமாயிற்று. அந்த நூற்றாண்டு முடியுமுன் உருகிய கண்ணாடியை மேசைமீது வார்த்துப் பெருந்தகடாக்கும் முறை அங்கே கைவந்தது. 1687இல் வெர்சேய் அரண்மனைப் பூங்காவில் எழுந்த கிராண்ட் திரியானோன் மாளிகையிலே, உயர்ந்த கண்ணாடிச் சாளரங்கள் நிலமட்டம்வரை இறங்கித் தோட்டத்தை நோக்கிக் கதவுகளாயின. சாளரம் வளர்ந்து கதவானது என்று சொல்லலாம். ஆங்கிலேயர் இன்றும் அதனைப் பிரெஞ்சுச் சாளரம் என்றே வழங்குகின்றனர். கதவு என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை போலும்.

இங்கிலாந்தில் வெளிச்சத்துக்கே வரி இருந்தது. 1696இல் விதிக்கப்பட்ட சாளர வரியின்படி, வீட்டிலுள்ள சாளரங்களை எண்ணி அதற்கேற்பப் பணம் அறவிட்டனர். வரிக்கு அஞ்சிச் செங்கல்லால் அடைக்கப்பட்ட சாளரங்களைப் பழைய வீடுகளில் இன்றும் காணலாம். 1745இல் கண்ணாடிக்கே நிறையளவிற் கலால் வரி வந்தது. கண்ணாடி வரி நூறாண்டு நிலைத்து 1845இலும், சாளர வரி 1851இலும் ஒழிந்தன. அந்த 1851இலேயே இலண்டன் ஹைட் பூங்காவில், ஏறத்தாழ மூன்று இலட்சம் கண்ணாடித் தகடுகளைக் கொண்டு யோசப் பாக்ஸ்டன் என்பார் பளிங்கு மாளிகையை எழுப்பினார். வரி நீங்கிக் கண்ணாடி மலிவானதே அதனை இயலச் செய்தது. ஏழைகளின் இருண்ட அறைகளில் நோய் பெருகுவதைக் கண்டு மருத்துவர்கள் அவ்வரியை எதிர்த்து எழுப்பிய குரலும் மறக்கத்தக்கதன்று. கண்ணாடி அந்நாட்டவர்க்கு ஆடம்பரமாக மாத்திரம் இருக்கவில்லை, உடல்நலத்திற்கே வேண்டியதாயிருந்தது.

பக்கவாட்டில் நகரும் வகை வேறொரு மரபிலிருந்து வந்தது. யப்பானிய வீடுகளில் மரச்சட்டத்திலே மெல்லிய தாளை ஒட்டிய 'ஷோஜி' என்னும் தட்டிகள் தவாளிப்பிலே ஓடும். வேண்டின் அவற்றைக் கழற்றி ஒருபுறம் அடுக்கிவிட்டு, அறை முழுவதையும் தோட்டத்திற்குத் திறந்துவிடலாம். 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியிலே யப்பான் அரசு அமைத்த மண்டபத்தின் வாயிலாக அமெரிக்கர் பலர் இக்கட்டட முறையை நேரிற் கண்டனர்.

சுவர் முழுவதையும் கண்ணாடியாக்கும் துணிவு இருபதாம் நூற்றாண்டிற்கு உரியது. ஜேர்மனியக் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1930இல் புர்னோ நகரிலே துகென்தாத் குடும்பத்தினர்க்கு ஒரு வீடு கட்டி முடித்தார். அதன் பெருங்கூடத்திலே இரண்டு மாபெரும் கண்ணாடித் தகடுகள், மின்பொறியின் உதவியால் நிலத்துக்குள் முற்றாக இறங்கி மறைந்துவிடும். யூதராகிய அக்குடும்பத்தினர் எட்டாண்டுகளே அங்கு வாழ்ந்து, 1938இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1992இல் செக்கோசிலவாக்கியா இரண்டு நாடுகளாகப் பிரிவது பற்றித் தலைவர்கள் பேசி உடன்பட்டதும் அவ்வீட்டிலேதான். ஆனால் நம்முடைய பொருளுக்கு வேண்டியது ஒன்றே. அந்தக் கண்ணாடி இறங்கும். வீடு மூச்சு விடும்.

அதே கலைஞர் 1951இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலே, பொக்ஸ் ஆற்றங்கரையில், எடித் பார்ன்ஸ்வேர்த் என்னும் பெண் மருத்துவருக்குக் கட்டிக்கொடுத்த வீடு உலகப் புகழ்பெற்றது. நான்கு புறமும் நிலத்திலிருந்து கூரைவரை ஒற்றைக் கண்ணாடி. அதன் அழகை மறுப்பாரில்லை. ஆனால் காற்று வருவதற்கு வாசற்கதவும் கிழக்குப் பக்கத்திலே இரண்டு சிறு திறப்புகளுமே இருந்தன. கோடையிலே வீடு அடுப்பாயிற்று. குளிர்காலத்திலே கண்ணாடியில் நீர் வழிந்தது. இரவில் விளக்கேற்றினால் பூச்சிகள் மொய்த்தன. ஊரார் வேடிக்கை பார்க்க வருவதும் அவருக்குத் தாங்கொணாத் துன்பமாயிற்று. செலவு மதிப்பீட்டை மிஞ்சவே, கட்டியவரும் கட்டுவித்தவரும் நீதிமன்றம் ஏறினர். அம்மையார் இறுதியில் வெளித்திண்ணையைச் சுற்றி வலையடித்து நுளம்பைத் தடுத்தார். பிற்காலத்தில் வீட்டை வாங்கியவர், கலைஞரின் கருத்துக்கு மாறானதென்று அவ்வலையை அகற்றினார். கட்டடக் கலை நூல்கள் கலைஞரின் பக்கமே பேசுகின்றன. எனக்கோ அம்மருத்துவரிடத்தே இரக்கம் மிகுதி. அந்த வீட்டிலே இரவைக் கழிக்க வேண்டியவர் அவரல்லரோ?

இரண்டாம் உலகப் போரின் பின்னர்க் கலிபோர்னியாவில் நடுத்தர மக்களுக்கென ஆயிரக்கணக்கிலே கட்டப்பட்ட வீடுகளால் நகரும் கண்ணாடிக் கதவு சாதாரண பொருளாயிற்று. 1959இல் இங்கிலாந்துப் பில்கிங்டன் நிறுவனம், உருகிய வெள்ளீயத்தின்மீது கண்ணாடியை மிதக்கவிட்டு மட்டமான தகடாக்கும் முறையை வெளியிட்டது. அதன்பின் அரைத்துத் தேய்க்காமலே குற்றமற்ற பெருந்தகடுகள் கிடைக்கலாயின. இப்பெருக்கத்தோடு ஓர் ஆபத்தும் வந்தது. துடைத்துப் பளபளக்கும் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாது. ஓடி விளையாடும் குழந்தைகள் திறந்த வெளியென்று எண்ணி அதன்மேல் மோதினர். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற துண்டுகளாகப் பிளக்கும், உயிரிழந்தோரும் உளர். அமெரிக்க அரசு 1977இலேதான் கதவுக் கண்ணாடி பாதுகாப்பானதாக இருத்தல் வேண்டுமென நாடு முழுவதற்கும் விதி செய்தது.

நமது தீவுக்கு வருவோம். 'யன்னல்' என்ற சொல் போர்த்துக்கேயர் நமக்குத் தந்தது. கதவும் முற்றமும் நம்முடையவை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலே நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு புறமும் தாழ்வாரம் இறங்கியிருக்கும். அறைக்கதவுகள் தடித்த பலகையாலானவை. பகலெல்லாம் அவை திறந்தே கிடக்கும். கதவுக்கும் வெயிலுக்கும் இடையே தாழ்வாரத்தின் நிழல் நின்றது. கொழும்பிலே கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960ஆம் ஆண்டு தொடங்கி ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடும் இவ்வழியினதே. நெருங்கிய நகர மனையிலே, நடுவிற் பெருமுற்றம் வைத்து, அறைகளை அதன் பக்கமாகத் திறந்தார். இந்நூற்றாண்டிலே அம்மனை கைமாறியபோது, வீட்டைக் கல்லும் மரமுமாகக் கழற்றி இலக்கமிட்டுப் பெந்தோட்டைக்கு அண்மையில் உள்ள லுணுகங்கைக்குக் கொண்டுசென்று மீண்டும் நிறுத்தினர்.

கண்ணாடிக் கதவு நமக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்திலே அதனை மூடிவைத்து, நனையும் வாழையை உள்ளிருந்து பார்ப்பது இனியது. ஆயினும் கண்ணாடியின் இயல்பை அறிந்தே வாங்கல் வேண்டும். சூரிய ஒளியை அஃது உள்ளே விடும். அவ்வொளியாற் சூடேறிய தரையும் கதிரையும் திருப்பி வீசும் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. குளிர்நாட்டார்க்கு அது வரம். நமக்கு அது மின்விசிறியும் குளிரூட்டியும் ஓயாது சுழலக் காரணம். ஆதலின் மேற்கு நோக்கிய சுவரிலே பெருங்கண்ணாடி வைப்பதைப்போல் அறியாமை வேறில்லை. மாலை வெயில் தாழ்ந்து வருவதால் எவ்வளவு நீண்ட தாழ்வாரமும் அதனைத் தடுக்காது. வடக்கும் தெற்கும் நல்லவை. யாழ்ப்பாணத்திலே சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணி நடுவரை நண்பகற் சூரியன் உச்சிக்கு வடக்கேயும், மற்றைய மாதங்களில் தெற்கேயும் நிற்பான். உயர்ந்து நிற்கும் அச்சூரியனை மூன்று அடி இறக்கிய தாழ்வாரமே பெருமளவு மறைத்துவிடும்.

வகையைப் பற்றிக் கேட்போருக்கு இதனையும் சொல்வேன். இரண்டு தகடுள்ள நகர்கதவு, எவ்வளவு அகலமானாலும், பாதியளவே திறக்கும்; மற்றப்பாதி என்றும் அடைபட்டதே. எட்டு அடிக் கதவுக்குக் காசு கொடுத்து நான்கு அடிக் காற்றைப் பெறுகிறோம். மடிப்புக் கதவும் பிணைச்சலில் நிற்கும் இரட்டைக் கதவும் ஏறக்குறைய முழுவதும் திறக்கும்; ஆனால் இடம் பிடிக்கும், காற்றடித்தால் அறைபடும். இடமுள்ளவர்கள் இரட்டைக் கதவையே கொள்ளலாம் என்பது என் கருத்து. நகர்கதவுதான் வேண்டுமென்றால், மண்ணும் மணலும் தவாளிப்பிற் படிந்து உருளைகளைத் தேய்க்கும் என்பதையும், கடற்கரை ஊர்களிலே உப்புக்காற்று சாதாரண உருக்கை அரித்துவிடும் என்பதையும் எண்ணித் துருப்பிடிக்காத உருளைகளைக் கேட்டு வாங்குக. கீழ்ச்சட்டத்திலே மழைநீர் வடியத் துளை உண்டா என்று பார்க்குக. இன்றேல் மாரியிலே நீர் கூடத்துக்குள்ளே வரும். அக்கீழ்ச்சட்டம் தரைக்கு மேலே எழும்பி நில்லாது பதிந்திருத்தல், தள்ளாடி நடக்கும் முதியோர் உள்ள வீட்டிலே மிக இன்றியமையாதது. நுளம்பு வலைக்குத் தனித் தவாளிப்பு இருந்தாலன்றி மாலை ஆறு மணிக்குக் கதவை மூடவேண்டியிருக்கும். காற்று வேண்டும் வேளையோ அதுவே.

கண்ணாடி, கடைகளிலே 'ரெம்பர்ட்' என்று வழங்கும் வன்மையேற்றிய வகையாக இருத்தல் வேண்டும். அறுநூறு பாகை செல்சியசுக்கு மேற் சூடாக்கி, காற்றை வீசி விரைந்து குளிரச்செய்வதாலே அது வலிமை பெறுகின்றது. உடைந்தாலும் பெரும்பாலும் மழுங்கிய சிறு துணிக்கைகளாகவே உதிரும். அதன் மூலையிலே சிறிய முத்திரை பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். வேலையாள் அதனைச் சட்டத்துக்குள் மறைக்குமுன் கண்ணாற் கண்டுகொள்க. நடக்கும் பிள்ளைகளின் கண்மட்டத்திலே ஒரு கோடோ பூவோ ஒட்டிவைப்பது நன்று. இன்னொன்று: வன்மையேற்றிய கண்ணாடியைப் பின்னர் வெட்டவோ துளையிடவோ இயலாது, முயன்றால் முழுத்தகடும் நொறுங்கும். ஆகையால் கதவுநிலை சுவரிலே உறுதியாக நின்றபின், மேலும் கீழும் நடுவும் அளவெடுத்து, அதன்பிறகே கண்ணாடிக்குப் பணம் கட்டுக.